அண்ணியின் மேஜைக்குக் காற்று

அத்தியாயம் ஆறு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஐந்து வாரத்தில் முதல்முறையாக, ஸ்குரு தன் அண்ணியின் அறைக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பதினேழு நாள் உழைப்பு.

ஸ்குரு என்பது அண்ணன் வைத்த பெயர். ஆறு வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது அவள் கையில் ஒரு ஸ்குரு மிஞ்சியது. ரேடியோ என்னவோ பாடிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது இருபத்தாறு வயது. வாஷிங் மெஷினும் துணி உலர்த்தும் மெஷினும் பழுது பார்க்கிற சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்.

அண்ணி கடிகாரம் பழுது பார்ப்பவள். வீட்டின் மேற்குப் பக்க அறைதான் அவள் பட்டறை. மார்பளவு உயரத்தில் ஒரு மேஜை, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், ஊசியைவிடக் கூர்மையான இடுக்கிகள். மதியமானால் அந்த அறை அடுப்பாகிவிடும். ஏ.சி. மாட்டலாம் என்றால் அந்தப் பழைய வீட்டின் வயரிங் தாங்காது. இதைப் பார்த்துச் சொன்னதும் ஸ்குருதான்.

ஐந்து வாரத்துக்கு முன் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். அண்ணி வியர்த்து வழிவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்குரு பெரிய ஸ்டாண்டு ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டாள். மேஜையில் ஒருவருடைய கைக்கடிகாரம் திறந்து கிடந்தது. கடுகில் கால்வாசி இருக்கும் திருகாணி ஒன்று பறந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. "இனிமே என் மேஜைப் பக்கம் வராதே" என்றாள் அண்ணி. ஸ்குரு வரவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குளியலறை. பேச்சு மட்டும் அண்ணன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அப்புறம் கடிகாரக் கம்பெனியின் கடிதம் வந்தது. இனிமேல் தங்கள் கடிகாரங்களைத் தாங்கள் அங்கீகரித்த மேஜைகளில் மட்டுமே திறக்கலாம் என்றது. பரிசோதகர் நேரில் வருவார். பழுது பார்ப்பவரின் வியர்வை மேஜையில் விழக் கூடாது. திறந்த கடிகாரத்தின் மேல் காற்று வீசக் கூடாது. சரிசெய்த கடிகாரம் ஒரு நாளில் பத்து நொடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது.

அண்ணியிடம் வரும் பத்துக் கடிகாரத்தில் எட்டு அந்தக் கம்பெனியுடையவை. தேறாவிட்டால் மேஜையை மூட வேண்டியதுதான். ஊர்க் கோடியில் உள்ள பெரிய கடையில், கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, நாள் முழுக்கக் கடிகாரப் பட்டை மாற்றிக் கொடுக்கலாம். திறந்து பார்க்கிற வேலை போய்விடும். அதற்குப் பதினெட்டு வருஷம் பழகிய கை அது.

பரிசோதகர் வருவது இன்றைக்கு. நாலு மணிக்கு.

"யாரு?"

"நான்தான் அண்ணி."

கதவு நான்கு விரல் அகலம் திறந்தது.

"உங்க அண்ணன் டூட்டிக்குப் போயிட்டாரு. எதுவா இருந்தாலும் சாயங்காலம் அவர்கிட்ட சொல்லு."

"அண்ணன் வழியா சொல்ற விஷயம் இல்ல இது. ஃபேன்."

கதவு இரண்டு விரலாகச் சுருங்கியது.

"பத்து நிமிஷம் அண்ணி. மேஜையில திறந்த கடிகாரம் எதுவும் வேண்டாம். எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடிடுங்க. பிடிக்கலைன்னா நானே தூக்கிட்டுப் போயிடறேன்."

அண்ணி கழுத்தில் சுற்றியிருந்த துண்டால் நெற்றியைத் துடைத்தாள். மணி ஒன்பதுதான். துண்டு ஏற்கெனவே ஈரம்.

கதவு முழுதாகத் திறந்தது.

*

பார்க்க அழகாக இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். உடம்பு ஒரு பிளாஸ்டிக் டப்பா. தலையில் சமையலறைச் சல்லடை. விரல் உள்ளே போகாமலிருக்க. அதற்குள் நான்கு இறக்கை. அவற்றைச் சுழற்றுவது சார்ஜ் போட்டு ஓட்டும் தூசு உறிஞ்சி ஒன்றின் மோட்டார். உறிஞ்சி செத்துவிட்டது, மோட்டார் உயிரோடு இருந்தது. கட்டைவிரல் பருமன்தான். ஆனால் முழு வேகத்தில் விட்டால் ஜன்னல் திரையே பறக்கும்.

டப்பாவின் முன்பக்கத்தில் இரண்டு வட்டங்கள்.

"இது என்ன, கண்ணு மாதிரி முழிக்குது?"

"கண்ணு இல்ல அண்ணி. ஒண்ணு வாய், ஒண்ணு காது. வாய் ஒரு சத்தம் போடும், நமக்குக் கேக்காது. அது உங்க நெத்தியில பட்டுத் திரும்பி காதுக்கு வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்தா, நீங்க எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்."

"என் மூஞ்சிக்கும் அதுக்கும் ஒரு முழம்கூட இல்ல. அதைப் போய் அளக்குமா?"

ஸ்குருவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் பதினேழு நாள் காத்திருந்தாள்.

"அளக்கும்! சத்தம் ஒரு நொடியில முந்நூத்தி நாப்பது மீட்டர் போகும். உங்க நெத்திக்குப் போய்வர, ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினா ரெண்டு துண்டுகூட ஆகாது. இந்தச் சின்ன போர்டு அதையும் எண்ணிடும். நீங்களும் நொடியைத் துண்டு போடறவங்கதானே?"

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஸ்குரு சுவிட்சைப் போட்டாள்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அறையின் சூட்டை அது ஒரு டிகிரிகூடக் குறைக்காது. தோலின் மேல் இருக்கும் ஈரத்தை அது காய வைக்கிறது. காய்கிற ஈரம் உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அண்ணியின் நெற்றியில், காதோரத்தில், தாடைக்குக் கீழே இருந்த ஐந்து வார வெக்கை அப்படித்தான் ஒரே மூச்சில் கிளம்பிப் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப லென்ஸை மாட்டிக்கிட்டுக் குனிங்க. கடிகாரம் பார்க்கிற மாதிரி."

குனிந்தாள். காற்று சட்டென்று அறுந்துவிடவில்லை. யாரோ பேச்சை மெல்லத் தாழ்த்துவது போலத் தணிந்து, நின்றது. ஸ்குரு மேஜையில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை வைத்திருந்தாள். அது அசையவில்லை.

நிமிர்ந்தாள். காற்று வந்தது.

குனிந்தாள். போயிற்று.

நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்து, பாதியில் நின்று அதை ஏமாற்றப் பார்த்தாள். மின்விசிறியும் பாதி வேகத்தில் நின்று அவளைப் பார்த்தது.

"அடிப்பாவி," என்றாள் அண்ணி. "இதுக்கு மூளை இருக்கு!"

"உங்க தலை அங்க இருந்தா திறந்த கடிகாரம் இருக்குன்னு அர்த்தம். காத்து வேண்டாம். நிமிர்ந்தா ஓய்வு எடுக்கறீங்க. காத்து வேணும். அவ்வளவுதான் அதோட மூளை."

"போதாதா? இந்த வீட்டுல சில பேருக்கு அதுவே இல்ல."

யாரைச் சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். டூட்டியில் இருந்த அண்ணனுக்கு அப்போது தும்மல் வந்திருக்கும். இருவரும் சிரித்தார்கள். ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த சிரிப்பு என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

*

பதினொன்றே காலுக்கு அண்ணி பரிசோதனைக் கடிகாரத்தை டப்பாவிலிருந்து எடுத்தாள். கம்பெனி முன்கூட்டியே அனுப்பியிருந்த கடிகாரம். பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு, பூட்டி வைத்திருந்தாள். மின்விசிறி ஓடிய இரண்டு மணி நேரமும் அது மூடிய டப்பாவில், மின்விசிறிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அதை டைமிங் மெஷினில் வைத்தாள். அந்த மெஷின் கடிகாரத்தின் துடிப்பைக் காதால் கேட்டு, இப்படியே ஓடினால் ஒரு நாளில் எத்தனை நொடி முந்தும், எத்தனை நொடி பிந்தும் என்று சொல்லிவிடும்.

நேற்று மாலை நான்கு நொடி முந்தியது. அருமையான கணக்கு.

இன்று நூற்றுப் பன்னிரண்டு.

அண்ணி கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். நூற்றுப் பதினைந்து. மேஜை இழுப்பறையைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள திசைகாட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முள் வடக்கைப் பார்க்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, மின்விசிறியைப் பார்த்து நின்றது.

"அதுல காந்தம் இருக்கா?"

"மோட்டார்னா காந்தம் இருக்கும் அண்ணி. இது நல்ல காந்தம், அதனாலதான் இவ்வளவு சின்னதா இருந்தும்…" ஸ்குருவின் குரல் பாதியில் நின்றது.

"மடைச்சி! இந்த வீட்டு ஃப்ரிட்ஜுல ஒரு ஒட்டுப் பொம்மை பார்த்திருக்கியா? நான் கத்தரிக்கோலைக்கூட மூணு தடவை சோதிச்சுத்தான் உள்ள கொண்டு வரேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"நீங்கதான் பேசவே இல்லையே!"

அண்ணி கடிகாரத்தை டைமிங் மெஷினிலிருந்து எடுத்தாள்.

கடிகாரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய எஃகுச் சுருள் ஒன்று இருக்கிறது. அது விரிந்து சுருங்கும் வேகம்தான் கடிகாரத்தின் வேகம். காந்தம் ஏறிவிட்டால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது சுருள் நீளம் குறைந்தது மாதிரி நடந்துகொள்ளும். கயிற்றைக் குட்டையாக்கினால் ஊஞ்சல் வேகமாக ஆடுமே, அப்படி. காற்றுக்குப் பயந்து மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா காந்தத்தைத் தடுக்காது.

இந்தப் பதினேழு நாளில் ஸ்குரு காற்றைச் சோதித்தாள், சத்தத்தைச் சோதித்தாள், சூட்டைச் சோதித்தாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் காந்தம் இருந்தால் யாருக்கு என்ன? காந்தத்தைப் பற்றி யோசிக்கிற ஆள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஸ்குரு மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கினாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"குப்பைக்கு."

"காத்து நல்லா இருந்துச்சு," என்றாள் அண்ணி.

ஸ்குரு நின்றாள்.

"கடிகாரத்துல ஏறின காந்தத்தை நான் எடுத்துடுவேன். அதுக்கு மெஷின் இருக்கு, ஒரு நிமிஷ வேலை. திரும்ப ஏறாம இருக்க வழி சொல்லு. அந்த மோட்டாரை எவ்வளவு தூரம் தள்ளினா முள் திரும்பாது?"

"தெரியல அண்ணி."

"தெரியலைன்னா பார்ப்போம். கொண்டா இங்க."

*

அண்ணி திசைகாட்டியை மேஜையில் பிடித்துக்கொண்டாள். ஸ்குரு மின்விசிறியோடு ஒவ்வொரு சாணாகப் பின்னால் போனாள்.

"ஒரு சாண்."

"இன்னும் உன்னைத்தான் பார்க்குது."

"ரெண்டு சாண்."

"ஏய்! பாதிக்கு மேல விட்டுடுச்சு!"

"மூணு."

"கொஞ்சூண்டு ஆடுது. போ, போ."

"அஞ்சு. ஆறு."

முள் அமைதியாக வடக்கைப் பார்த்தது.

காந்தத்தின் குணம் அப்படி. தூரம் இரண்டு மடங்கானால் அதன் பிடி பாதியாகக் குறையும் என்றுதான் நினைப்போம். எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று. பக்கத்தில் புலி, நாலடி தள்ளினால் பூனைகூட இல்லை.

"நாலடி," என்றாள் ஸ்குரு. "ஜன்னல் மேடையில வெச்சிடலாம். ஆனா அங்கிருந்து காத்து இங்க வராதே. வழியிலயே சிதறிடும்."

"சிதறாம கொண்டு வர முடியாதா? தண்ணியைக் குழாய்ல கொண்டு வர மாதிரி?"

ஸ்குரு அண்ணியைப் பார்த்தாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

சர்வீஸ் சென்டர் இரண்டு தெரு தள்ளி. துணி உலர்த்தும் மெஷினின் சூட்டுக்காற்றை வெளியேற்ற ஒரு குழாய் இருக்கும். வெள்ளித்தாள் போலப் பளபளக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அலமாரிக்கு மேல் மூன்று கிடந்தன.

"லீவ் போட்டவ எதுக்கு வந்த?" என்றார் முதலாளி.

"ஒரு குழாய் சார். நாளைக்கு வந்து சொல்றேன்."

"எந்த மெஷினுக்கு?"

"என் அண்ணிக்கு!"

முதலாளி அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

குழாயை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி அதைக் கையால்கூடத் தொடவில்லை. முதலில் திசைகாட்டியைக் கொண்டுபோனாள். முள் லேசாகத் திரும்பியது.

"உள்ள கம்பி இருக்கா?"

"சுருள் கம்பி. குழாய் மடங்காம இருக்கறதுக்கு."

"எஃகு. மேஜைகிட்ட வரக் கூடாது."

"அப்ப?"

"ரெண்டு முழம் தள்ளியே நிறுத்திக்கோ. மிச்சத்துக்கு…" அண்ணி பீரோவைத் திறந்து, பழைய விளம்பரக் காலண்டர் ஒன்றை எடுத்துச் சுருட்டிக் காட்டினாள். "காகிதத்துல என்ன காந்தம் ஏறப் போகுது?"

மூன்று காலண்டர் தாள்களைச் சுருட்டி, பசை நாடா ஒட்டி, ஒரு குழாய் ஆயிற்று. அதன் முனையை நாற்காலிக்குப் பின்னால், பிடரிக்கு நேராக வைத்தார்கள். மின்விசிறியின் வாயையும் காதையும் மட்டும் பிரித்து மேஜையின் விளிம்பில் பொருத்தி, ஜன்னல் மேடையில் வைத்த மின்விசிறியோடு நீளமான ஒயரில் இணைத்தாள் ஸ்குரு. அண்ணி கடிகாரத்தைக் காந்தம் எடுக்கும் மெஷினின் மேல் பிடித்து, பொத்தானை அழுத்தி, குழந்தையைத் தூளியிலிருந்து தூக்குவது போல மெல்ல மெல்ல மேலே தூக்கினாள். டைமிங் மெஷினில் வைத்தாள்.

ஐந்து நொடி.

மணி மூன்று ஐம்பது. காற்று அண்ணியின் பிடரியில் வந்து விழுந்தது. ஸ்குருவின் மூக்கு நுனியில் பசை நாடா ஒட்டியிருந்தது. அண்ணி எட்டிப் பிய்த்துவிட்டாள்.

*

பரிசோதகர் குள்ளமான அம்மாள். கையில் பெரிய பை. வணக்கத்துக்குத் தலையசைத்ததோடு சரி. நேராக அறைக்குள் போய், அண்ணியின் நெற்றியையும் மேஜையையும் பார்த்தார். வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. நெற்றி உலர்ந்திருந்தது.

"திறந்த கடிகாரத்து மேல காத்து?" என்று கேட்டு, பையிலிருந்து காகிதக் கீற்றை எடுத்து மேஜையில் வைத்தார். "எழுந்திருங்கம்மா. நானே உக்கார்ந்து பார்க்கறேன்."

உட்கார்ந்தார். குனிந்தார். காற்று நிற்கவில்லை. கீற்று படபடவென்று அடித்துக்கொண்டது.

பதினேழு நாளில் இது ஒருமுறைகூட நடக்கவில்லை. வாய் போடும் சத்தம் எங்கே போகிறது? அவள் பார்வை மேஜை விளிம்பிலிருந்து பரிசோதகரின் தலைக்குப் போயிற்று. தலைக்கு மேலே போயிற்று. சத்தமும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி முந்திக்கொண்டாள். "மேடம், அது எனக்கு அளவெடுத்துத் தெச்சது. நாற்காலியை நாலு சுத்து மேல ஏத்திக்கிட்டா உங்களுக்கும் பொருந்தும்."

பரிசோதகர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு நாற்காலியை நான்கு சுற்றுச் சுற்றி ஏற்றினார். குனிந்தார்.

காற்று தணிந்தது. கீற்று படுத்துக்கொண்டது.

ஒரு தடவை பார்த்தால் போதும். அவர் ஆறு தடவை குனிந்து நிமிர்ந்தார். அண்ணி ஸ்குருவின் கையைக் கிள்ளினாள்.

"மோட்டார் எங்க?"

ஸ்குரு ஜன்னலைக் காட்டினாள். பரிசோதகர் தன் பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து மேஜை முழுக்க நகர்த்திப் பார்த்தார். முள் வடக்கைவிட்டு அசையவில்லை.

"நாலடி. ம். தள்ளி வைக்கணும்னு யார் சொன்னது?"

"அண்ணிதான்."

"அவதான்."

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. பரிசோதகரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது போலிருந்தது.

கடைசிச் சோதனைக்கு ஒரு முழு நாள் வேண்டும். பரிசோதகர் கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிசெய்து, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, நான்கு பக்கமும் முத்திரைத் தாள் ஒட்டினார். மேஜை நடுவில் வைத்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். அது வரைக்கும் பெட்டியை நகர்த்தக் கூடாது. ஃபேன் ஓடிட்டே இருக்கணும். பத்து நொடிக்குள்ள இருந்தா இந்த மேஜை உங்களோடது."

*

பரிசோதகர் போன பிறகு இருவரும் அறை வாசலிலேயே உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீரை அங்கேயே கொண்டுவந்து குடித்தார்கள்.

ஐந்தரைக்கு அண்ணன் வந்தான். நகரப் பேருந்து ஓட்டுபவன். வீட்டுக்குள்ளும் ஹாரன் அடிப்பது போலத்தான் பேசுவான்.

"என்னாச்சு? என்னாச்சு? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்கார்ந்திருக்கீங்க! கனவா?"

"உள்ள போய்ப் பாருங்க," என்றாள் அண்ணி. "கிட்டப் போகாதீங்க, பெட்டியைத் தொடாதீங்க."

"தொட மாட்டேன்மா. பார்க்கறேன்." அவன் குழாயைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான், குனிந்தான், நிமிர்ந்தான், வாயைப் பிளந்தான். "டேய் ஸ்குரு! இதை நீயா செஞ்ச? குனிஞ்சா நிக்குது! நிமிர்ந்தா…" இரண்டு கையும் தட்டுவதற்கு வேண்டியிருந்தது. கையில் இருந்த செல்ஃபோனை மேஜையில், பெட்டியை ஒட்டி வைத்தான்.

செல்ஃபோனின் உறை மூடி தானாகச் சாய்ந்து, 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

அந்தச் சத்தத்தை இரண்டு பெண்களும் கேட்டார்கள்.

"அது என்ன உறை?" அண்ணியின் குரல் அவளுடையது போலவே இல்லை.

"இதுவா? இன்னைக்குத்தான் டிப்போல எல்லாருக்கும் குடுத்தாங்க. நல்லா இருக்குல்ல? பட்டனே கிடையாது, அதுவா ஒட்டிக்கும்…" அவனுக்கும் பாதியில் புரிந்துவிட்டது. "ஐயோ."

ஸ்குரு பாய்ந்து செல்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அண்ணி திசைகாட்டியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் நடுங்கியது. நிற்கவில்லை, உள்ளே கடிகாரம் துடிக்கும் தாளத்துக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது. சுருளில் காந்தம் ஏறிவிட்டது.

"நான் வேணும்னு பண்ணல," என்றான் அண்ணன்.

"கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு நில்லுங்க."

ஸ்குரு திரும்பி வந்து கிசுகிசுத்தாள். "அண்ணி, பிளாஸ்டிக்தானே? காந்தம் எடுக்குற மெஷினை அப்படியே பெட்டி மேல கவுத்துப் பிடிச்சா போதும். பெட்டியை நகர்த்தவே வேண்டாம். முத்திரையும் அப்படியே இருக்கும். இந்தச் சில நிமிஷத்துல ஒரு நொடிகூட முந்தியிருக்காது."

உண்மைதான். அண்ணியின் கை மெஷினை எடுத்தும்விட்டது. பெட்டிக்கு ஒரு சாண் மேலே அது நின்றது.

"நாளைக்கு அந்த மேடம், பெட்டி பக்கம் ஏதாவது வந்துச்சான்னு கேட்டா?"

"இல்லைன்னு சொல்லிடலாம்."

"நீ சொல்லுவியா?"

ஸ்குரு யோசித்தாள். "என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

"எனக்கும் அப்படித்தான். இவரைக் கேக்கவே வேண்டாம், இப்பவே அழப் போறாரு."

அண்ணி மெஷினைக் கீழே வைத்தாள். பரிசோதகர் கொடுத்துவிட்டுப் போன அட்டையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். கூடத்தில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம், நான்தான். உங்க பெட்டி பக்கத்துல ஒரு காந்தம் வந்துடுச்சு. எங்க வீட்டு ஆள் தப்பு. கடிகாரத்துல ஏறிடுச்சு, சோதிச்சுப் பார்த்துட்டேன். பெட்டியைத் தொடல. முத்திரை அப்படியே இருக்கு. இங்கிருந்தே சரிபண்ண வழி இருக்கு, ஆனா உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு பண்ணல."

மறுமுனையில் வண்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

"வழின்னா, பெட்டி மேலேயே மெஷினைப் பிடிக்கறதா?"

"ஆமா மேடம்."

"அது உங்களுக்குத் தோணிச்சு. இருந்தும் செய்யல."

"கையில எடுத்தேன் மேடம். வெச்சுட்டேன்."

மறுபடியும் வண்டிச் சத்தம். பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"நான் திரும்பி வரேன். அரை மணி நேரம் ஆகும். கடிகாரத்தை என்ன பண்றதுன்னு நேர்ல பார்த்துச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஃபேன் செஞ்ச பொண்ணு அங்கதானே இருக்கு? அவளை எங்கேயும் அனுப்பாதீங்க. அவகிட்ட நான் தனியா பேசணும்," என்றார்.

ஸ்குரு தன்னைத்தானே விரலால் சுட்டிக்காட்டி, கண்ணை அகல விரித்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. ஆனால் பதில் சொல்ல அண்ணி யோசிக்கவே இல்லை.

"வாங்க மேடம். தனியா மட்டும் வேண்டாம். என்ன கேக்கறதா இருந்தாலும், நானும் அவ பக்கத்துல இருப்பேன்."